வயிற்றுப்புண் பட்டாலியனின் விருந்து

கிராஃப் ரைன்ஃபெல்ஸ் டிவிஷனின் ஆயுள் பதினெட்டே நாள். 1945 மார்ச் இருபதாம் தேதி, கொடுக்கத் துப்பாக்கி இல்லாமல், மாட்டப் பூட்ஸ் இல்லாமல், பெர்லினில் யாரோ ஒரு தட்டச்சு எந்திரத்தில் அதைப் பெற்றெடுத்தார்கள். பெயரை மட்டும் ஜோராக வைத்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஏதோ ஒரு பிரபுவின் பெயர். அந்த ஆள் எந்தப் போரில் ஜெயித்தார், எதில் தோற்றார் என்று டிவிஷனில் ஒருத்தருக்கும் தெரியாது. கப்பல் இல்லாத மாலுமிகள், விமானம் இல்லாத விமானப்படைக்காரர்கள், தீயணைப்பு நிலையத்துக் கிழவர்கள் என்று கையில் அகப்பட்டவர்களையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். அப்படியும் ஆள் போதவில்லை. கடைசியில் வயிற்றுப்புண் பட்டாலியனையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இதைக் கேலிப்பெயர் என்று நினைக்க வேண்டாம். ராணுவக் காகிதத்திலேயே ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது. இரைப்பைப் புண், குடல் புண், தின்றது தங்காத வியாதி என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர்களை ஒரே இடத்தில் கூட்டி, ஒரே மாதிரி பத்தியச் சாப்பாடு போட்டால் இவர்களையும் போருக்கு அனுப்பலாமே என்று ஒரு மேதாவிக்குத் தோன்றியிருக்கிறது. நாளைக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. ஓட்ஸ் கஞ்சி, ரவைக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, குழைய வேகவைத்த கேரட். எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளை ரொட்டி. நாடே மரத்தூள் கலந்த கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுக்கு மட்டும் வெள்ளை ரொட்டி என்றால் மற்றப் படைக்காரர்கள் சும்மா விடுவார்களா? வழியில் பார்த்தால் "வாங்கடா பால்குடி மறக்காத பசங்களா" என்று ஆரம்பித்து, காது கூசுகிற வரைக்கும் போவார்கள்.

அந்தப் பட்டாலியனுக்குச் சமைத்துப் போட்டவன் சார்ஜண்ட் எமில் ஹாபர்க்கோர்ன். போருக்கு முன்னால் வெந்நீர் ஊற்று இருக்கிற ஒரு ஊரில், பணக்கார வயிற்றுவலிக்காரர்கள் தங்கும் விடுதியில் சமையல்காரன். எவனுக்கு உப்பு ஆகாது, எவனுக்குப் பால் திரிந்துபோகும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டு வருஷமாக அவன் அண்டாவில் சாப்பிட்டு ஒருத்தன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. மற்றபடி அந்தச் சீருடையைப் பற்றி அவனுக்குப் பெருமை எதுவும் கிடையாது. அது போன இடமெல்லாம் செய்த அக்கிரமத்தைக் கிழக்கே கண்ணால் பார்த்தவன் அவன். அதற்கு வக்காலத்து வாங்க அவனிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அவனுக்கு மிச்சமிருந்த உலகம், கழுதை மாதிரி இழுத்துக்கொண்டு வந்த ஒரு சமையல் வண்டியும், ஐந்து மூட்டை வெள்ளை மாவும், இருநூற்றுப் பன்னிரண்டு நோஞ்சான் வயிறுகளும்தான்.

ஏப்ரல் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில், கிலியன்பிரூக் என்ற சின்ன ஊரில் கேப்டன் வெண்ட்லாண்ட் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் பட்டாலியன் அலுவலகம். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார் கேப்டன். ஊசி மாதிரி ஒல்லியான மனிதர். முன்னால் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். தனக்குக் கீழே இருப்பவன் யாராக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் பேசுவார். அவருக்கும் வயிற்றுப்புண்தான், பட்டாலியனிலேயே மோசமான புண். கிறிஸ்துமஸ் சமயம் லீவில் வீட்டுக்குப் போன இடத்தில் ரத்தமாகக் கக்கி, ஆள் பிழைத்ததே பெரும்பாடு.

"உக்காருங்க எமில். மாவு எத்தன மூட்ட இருக்கு?"

"அஞ்சு, கேப்டன் சார். பாத்துப் பாத்துப் போட்டா அஞ்சு நாளைக்கு வரும்."

"ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல நமக்கு ரொட்டியே தேவப்படாது போலிருக்கு" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

டிவிஷனிலிருந்து வந்த உத்தரவு. ஞாயிறு நண்பகல் முதல் ஊர்ப் பாலத்தை வயிற்றுப்புண் பட்டாலியன் காக்க வேண்டும். கடைசி ஆள், கடைசித் தோட்டா வரைக்கும். அமெரிக்க டாங்கிகள் இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி உறுமுவது இரண்டு நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது. பட்டாலியனில் ஆளுக்கொரு துப்பாக்கிகூடக் கிடையாது.

"எதிர்த்து நின்னா அரைமணி நேரம் தாங்குவோம். அப்புறம் பாலத்தோட சேத்து ஊரும் போயிடும். நம்ம ஆளுங்க யாரும் மிஞ்ச மாட்டாங்க. இதையும் படிங்க" என்று கேப்டன் இன்னொரு தாளை எடுத்தார். மடித்து மடித்துக் கிழிந்துபோன சுற்றறிக்கை அது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்தது. போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவன் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடமாட்டான். ஏழாவது பத்தி."

எமில் படித்தான். பத்தியப் படைப்பிரிவு எதற்காவது நாற்பத்தெட்டு மணி நேரம் தொடர்ந்து வெள்ளை ரொட்டி கிடைக்காமல் போனால், அதைச் சண்டைக்குத் தகுதியற்றதாகக் கருதிப் பின்னால் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது.

"ஆனா நம்மகிட்டதான் மாவு இருக்கே சார்?"

"அதான் எமில் பிரச்சினையே."

எமிலுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது. குண்டு விழும்போது அந்த மூட்டைகளின் மேல் குப்புறப் படுத்துக் காப்பாற்றியவன் அவன்.

"மாவத் தொலச்ச சமையக்காரன என்ன செய்வாங்கன்னு தெரியுமா சார்? பக்கத்து ஊர் மார்க்கெட்டுல லிண்டன் மரத்துல ரெண்டு பேர் முந்தாநாள்லேருந்து தொங்கிட்டிருக்காங்க. கழுத்துல 'துரோகி'ன்னு எழுதின அட்ட வேற."

"பாத்தேன். அதுக்குத்தான் இது." கேப்டன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "மாவை ஊர் ஜனங்களுக்குக் குடுக்கச் சொல்லி நான் உத்தரவு போட்டிருக்கேன். யாராவது கேட்டா இதக் காட்டுங்க. உங்க கழுத்துக்கு நான் பொறுப்பு."

"உங்க கழுத்துக்கு யாரு சார் பொறுப்பு?"

"என் கழுத்தப் பாத்தீங்களா? இதுல எந்தக் கயிறு நிக்கும்? நழுவிடும்."

எமில் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி உள்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். இப்படி ஒரு மனிதன் இந்தக் கேடுகெட்ட ராணுவத்தில் எப்படி வந்து மாட்டினான் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஊரில் ரொட்டிக்கடை நடத்தியவள் வால்புர்கா. ரொட்டி சுட்ட புருஷன் ரஷ்யாவில் காணாமல் போய் இரண்டு வருஷம். எமில் தன் ரொட்டியை அவள் அடுப்பில்தான் சுட்டுக்கொண்டிருந்தான். கடைக்குள் நுழைந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அம்மா, ஊர்ல இருக்குற பொம்பளைங்க எல்லாரையும் பாத்திரத்தோட வரச் சொல்லுங்க. வெள்ள மாவு தர்றேன்."

வால்புர்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "காலங்காத்தாலயே போட்டுட்டியா?"

"நெசமாத்தாம்மா. நாளான்னைக்கு வெள்ள ஞாயிறு. பதினோரு பிள்ளைங்க புதுநன்ம வாங்குது. கறுப்பு மாவுல க்யூஷ்லே சுட்டுப் போட்டா சாமிக்கே அடுக்குமான்னு நேத்து நீங்கதான அழுதீங்க?"

"நான் எங்க அழுதேன்? வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்" என்றாள். ஆனால் அடுத்த நொடியே ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தெருவில் ஓடினாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுதான் வெள்ளை ஞாயிறு, பிள்ளைகள் முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அந்தப் பக்கத்தில் எந்தத் திருநாளானாலும் க்யூஷ்லே வேண்டும். மாவை உருட்டி, முழங்கால் மேல் போட்டு நாலாபக்கமும் இழுத்து, நடுவில் மெல்லிசாகவும் ஓரம் தடிப்பாகவும் பன்றிக் கொழுப்பில் பொரித்தெடுத்து, மேலே சர்க்கரை தூவுவார்கள். பன்றிக் கொழுப்பும் முட்டையும் கிராமத்தில் எப்படியாவது தேறிவிடும். வெள்ளை மாவைத்தான் நாலு வருஷமாக யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அரைமணி நேரத்தில் கடை முன்னால் பெண்கள் வாளியும் பானையும் தலையணை உறையுமாக நின்றார்கள். எமில் தன் கையாலேயே அளந்து போட்டான். ஒவ்வொரு மூட்டை காலியாகும்போதும் அவன் முகம் தொங்கிப்போனது.

இங்கேதான் அவன் கோட்டைவிட்டான். மாவை வாங்கிப் பரண்மேல் ஒளித்துவையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சமையல்காரன் புத்தி போகுமா? "ஈரத்துல வெச்சா புழு வெச்சிடும். ஒரு பிடி மிச்சம் வெக்காம சுட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பினான்.

வெள்ளி மத்தியானம் முதல் பட்டாலியனுக்குக் கறுப்பு ரொட்டி போட்டான். ஆள்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். கொலோன் நகரத்து யூப் என்பவன்தான் அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்கு.

"எமில் அண்ணே, இது ரொட்டியா, இல்ல அமெரிக்கக்காரன் டாங்கி ஏறாம இருக்க ரோட்டுல போடுற கல்லா?"

"மூடிட்டுத் தின்னுடா. நல்லா மென்னு தின்னு."

"அண்ணே, இதுவரைக்கும் எங்களக் கொல்ல ரஷ்யாக்காரன், இங்கிலீஷ்காரன்னு எத்தனையோ பேர் பாத்தாங்க. நீங்க ஜெயிச்சிருவீங்க போலிருக்கே!"

சிரித்தார்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் புரண்டார்கள். பட்டாலியன் டாக்டர் ஓபிட்ஸ் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து நாடி பார்த்து, "இன்னும் ஒரு நாள் பல்லக் கடிச்சிட்டு இருங்க" என்றார். எமில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும், அதற்கு இந்த வலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் கோயில் மணி அடித்தது. பூசை முடிந்து பதினொரு பிள்ளைகளும் மெழுகுவத்தியோடு வெளியே வந்த நேரத்தில், டிவிஷனிலிருந்து மேஜர் ஹெல்விக் காரில் வந்து இறங்கினார். கூடவே ராணுவப் போலீஸ்காரர்கள் நாலு பேர், இயந்திரத் துப்பாக்கியும் சுருட்டிய கயிறுமாக வந்தார்கள். அந்தக் கயிறு எதற்கென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

சந்தைத் திடலில் பட்டாலியன் அணிவகுத்து நின்றது. நின்றது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்திருந்தான். கேப்டன் வெண்ட்லாண்ட் சல்யூட் அடித்து, ஏழாவது பத்தியைச் சொல்லி, டாக்டரின் சான்றிதழையும் நீட்டினார். மேஜர் நிதானமாகப் படித்தார். எழுதிவைத்த விதி என்றால் அந்த மனிதருக்கும் விதிதான். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். எமிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு மேஜர் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார்.

ஊர் முழுக்க ஒரே மணம். தொண்ணூறு வீட்டிலும் ஜன்னலுக்கு ஜன்னல் க்யூஷ்லேயும் வெண்ணெய்க் கேக்குமாக ஆறிக்கொண்டிருந்தன.

"வெள்ள மாவு இல்லன்னு சொன்னீங்களே கேப்டன். இந்த ஊருக்கு எங்கேருந்து வந்துச்சு?"

எமில் உள்பையில் கையை விட்டான். அதற்குள் கேப்டனே, "நான் குடுத்தேன், மேஜர். என் உத்தரவு. புதுநன்மை வாங்குற பிள்ளைங்களுக்காக" என்றார்.

"அத பாலத்து வேல முடிஞ்சப்புறம் தனியாப் பேசிக்குவோம்" என்று மேஜர் போலீஸ்காரர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன் கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். "இப்போ விஷயத்துக்கு வருவோம். உங்க ஆளுங்களுக்கு வெள்ள ரொட்டி கெடைக்கல. அதனால தகுதி இல்ல. கெடச்சா தகுதி உண்டு. சரிதானே? வீடு வீடாப் போய் எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க. இங்கேயே, என் கண் முன்னால சாப்பிடணும். அப்புறம் நேரா பாலத்துக்கு."

டாக்டர் ஓபிட்ஸ் முன்னால் ஓடி வந்தார். "மேஜர், அது ரொட்டி கெடையாது. முழுக்கக் கொழுப்பு. இவங்க ரெண்டு வருஷமாக் கஞ்சி குடிச்சவங்க. இத சாப்பிட்டா..."

"வெள்ள மாவு வெள்ள மாவுதான். கொழுப்பு கூடாதுன்னு ஏழாவது பத்தியில எங்க இருக்கு, காட்டுங்க! வயித்துவலி வயித்துவலின்னு ரெண்டு வருஷம் நோகாம தின்ன சோம்பேறிங்க. ஒருத்தனுக்கும் ஒரு வியாதியும் கெடையாதுன்னு எனக்குத் தெரியும் டாக்டர்."

வீடுகளிலிருந்து கூடை கூடையாக வந்தது. பிள்ளைகளுக்கென்று சுட்டதைத் துப்பாக்கி முனையில் கொடுத்துவிட்டுப் பெண்கள் சுவரோரம் நின்று அழுதார்கள். வால்புர்கா மட்டும் அழவில்லை. தன் கூடையைத் தரையில் தொப்பென்று வைத்துவிட்டு, "தின்னுங்கடா, நல்லாத் தின்னுங்க. எங்க பிள்ளைங்க வாய்க்கு எட்டாம போனது உங்களுக்காவது செரிக்கட்டும்" என்றாள்.

கூடைகள் வரிசையாக இருந்தன. ஒருவன்கூடக் கை நீட்டவில்லை. இரண்டு வருஷமாக எமில் அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்தது, பொரித்ததைத் தொட்டால் சாவு என்று. சர்க்கரை மினுமினுக்கும் அந்தப் பண்டத்தைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மேஜர் கைத்துப்பாக்கியின் உறையைத் திறந்தார். "கீழ்ப்படியாத ஒவ்வொருத்தனும் கலகக்காரன். அஞ்சு நிமிஷம் தர்றேன்."

கேப்டன் மெல்ல எமிலின் பக்கத்தில் வந்து நின்றார். திரும்பிப் பார்க்காமல், உதடு அசையாமல் கேட்டார்.

"எமில், இதுல எத்தன தின்னா ஆள் எழுந்திருக்க மாட்டான்?"

எமிலுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒன்றோ அரையோ கடித்துப் பாவனை பண்ணினால் வலியோடு பாலத்துக்கு நடந்துவிடுவார்கள், நடந்தால் சாவு. நிறையத் தின்றால் வழியிலேயே விழுவார்கள், விழுந்தால் பிழைப்பார்கள். சமையல்காரனாக அவன் வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி அது.

"ரெண்டு நாளாக் கறுப்பு ரொட்டி வேற உள்ள இருக்கு சார். மூணு போதும். நாலுன்னா சந்தேகமே வேணாம். ஒரு மணி நேரத்துல எல்லாரும் படுத்துருவாங்க. ரெண்டு நாள் கக்குவாங்க, அவ்ளோதான்." அப்புறம்தான் அவரும் ஒரு நோயாளி என்பது அவனுக்கு உறைத்தது. "சார், உங்களுக்கு ஒண்ணே ஆகாது. உங்க புண் வேற. கையாலகூடத் தொடாதீங்க."

கேப்டன் முன்னால் போனார். வால்புர்காவின் கூடையிலிருந்து ஒரு க்யூஷ்லேயை எடுத்தார். எல்லாரும் பார்க்கும்படி கடித்தார். ஓரத்தைக் கறுக் மொறுக் என்று மென்றார், விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினார், இன்னொன்றை எடுத்தார். கல்யாண வீட்டுக்கு வந்த மாமாவைப் போல ரசித்துச் சாப்பிட்டார். எமில் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். மூன்று. நாலு. நாலாவதை முடித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு, கேப்டன் உரக்கச் சொன்னார்.

"பட்டாலியன்! நான் சாப்பிட்ட மாதிரி சாப்பிடணும். ஒண்ணுகூடக் கொறயக் கூடாது. இது உத்தரவு."

யூப்தான் முதலில் புரிந்துகொண்டான். "அம்மாடி, ரெண்டு வருஷத்துல வந்த ஒரே நல்ல உத்தரவு!" என்று கூவிக்கொண்டே இரண்டு கையாலும் அள்ளினான். அப்புறம் எல்லாரும் பாய்ந்தார்கள். பயம் போனபிறகு ருசி தெரிந்தது. வாயெல்லாம் கொழுப்பு வழிய, கண்ணில் நீர் வழியத் தின்றார்கள். சிலருக்கு அது வீட்டு ஞாபகமாக இருக்கலாம். சிலருக்குப் பயமாகவும் இருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள் சந்தைத் திடலில் நின்று வேகவேகமாகத் தங்களுக்கே விஷம் வைத்துக்கொண்ட அந்தக் காட்சியில் எமில் கண்ட வீரத்தை அதற்கு முன்னும் பின்னும் அவன் எந்தப் போர்முனையிலும் கண்டதில்லை.

மேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா டாக்டர்? உங்க கேப்டனே நாலு தின்னுட்டுக் கல்லு மாதிரி நிக்கிறார். வியாதியாம் வியாதி!"

பன்னிரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். பாலம் ஊருக்கு வெளியே அரை மைல். பழத்தோட்டம் தாண்டுவதற்குள் முதல் ஆள் குப்புற விழுந்தான். அப்புறம் மூன்று பேர், பிறகு பத்துப் பேர். பாலத்தடியில் வெட்டியிருந்த பள்ளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், துப்பாக்கியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். கக்குகிற சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். நடிப்பு என்று சொல்ல மேஜருக்கே வாய் வரவில்லை. ஒருவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அவன் மேஜரின் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தான். மேஜர் கைத்துப்பாக்கியை உருவினார். யாரைச் சுடுவது? எல்லாருமே ஏற்கெனவே விழுந்து கிடந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிர்மலை வளைவில் டாங்கியின் சத்தம் கேட்டது. போலீஸ்காரர்கள் கயிறும் கையுமாக முதலில் காரில் ஏறினார்கள். "டிவிஷனுக்குத் தகவல் சொல்லிட்டு வர்றேன்" என்று மேஜரும் ஏறினார். கார் கிளப்பிய புழுதிதான் மிச்சம். டிவிஷனை முந்தின நாள் சாயங்காலமே கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி பிறகுதான் தெரிந்தது. இல்லாத படையின் பெயரால்தான் அந்த மனிதர் அத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்.

எமில் கேப்டனைத் தேடினான். கரையோர வில்லோ மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்கக் கறுத்த ரத்தம். பக்கத்தில் டாக்டர் ஓபிட்ஸ் மண்டியிட்டிருந்தார். எமிலைப் பார்த்து, இனி இல்லை என்று மெல்லத் தலையை அசைத்தார்.

எமில் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"அறிவிருக்கா சார் உங்களுக்கு? ஒண்ணே ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சரி, மேஜர் பாக்குறாரு, ஒண்ணு தின்னீங்க. நாலு எதுக்கு சார் தின்னீங்க?"

கேப்டன் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "நான் ஒண்ணோட நிறுத்தியிருந்தா... அவங்களும் ஒண்ணோட நிறுத்தியிருப்பாங்க, எமில்."

எமில் அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வாய்விட்டு அழுதான்.

"எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க சார். எல்லாரும் கக்கிட்டிருக்காங்க. ஒருத்தன்கூடக் கொறயல."

"நல்லா இருந்துச்சு எமில்" என்றார் கேப்டன். "அந்த ஓரம்... மொறுமொறுன்னு..." அப்புறம் பேசவில்லை. சற்று நேரத்தில் மடியில் பாரம் கூடியது எமிலுக்குத் தெரிந்தது. கண்ணை அவன்தான் மூடினான்.

அமெரிக்கர்கள் பாலத்தைத் தாண்டி வந்தபோது ஒரு குண்டும் வெடிக்கவில்லை. முன்னால் வந்த சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டியபடி பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஏதோ கொள்ளைநோய் என்று நினைத்து இரண்டு பேர் பின்வாங்கினார்கள். டாக்டர் ஓபிட்ஸ் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கியதும் அவர்களில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனோடு வந்த அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல ஜெர்மன் பேசினார் அவர். சின்ன வயதில் குடும்பத்தோடு இந்த நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவராக இருக்கலாம். பாலத்தைத் தகர்க்க அடியில் கட்டியிருந்த வெடிமருந்தையும், தொடப்படாமல் கிடந்த துப்பாக்கிகளையும், ஊர்ப்பக்கம் கோயில் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு நாளா ஒவ்வொரு பாலத்துலயும் எங்க ஆளுங்கள சாகக் குடுத்துட்டு வர்றோம்" என்றார். "இங்க மட்டும்தான் ஒரு குண்டுகூட வரல. சுட வேண்டாம்னு உத்தரவு போட்டது யாரு?"

யூப் பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கி, வில்லோ மரத்தடியைக் கையால் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அதிகாரி அங்கே வந்து, எமிலின் மடியில் கிடந்தவரைக் குனிந்து பார்த்தார்.

"இவரா? சுட வேண்டாம்னு இவரா சொன்னார்?"

"இல்லைங்க. அவர் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல" என்றான் எமில். "எங்களச் சாப்பிடச் சொன்னார். மொதல்ல அவர் சாப்பிட்டுக் காட்டினார்."